துப்பாக்கிக்கு என்ன எண்ணெய்?

சிங்கப்பூரில் துணைப் போலீஸ் வேலையில் 11 ஆண்டுகள் இருந்தேன் என்று சொன்னால் உறவுக்காரப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “எத்தன பேர சுட்டிருக்கீங்க மாமா?”

ஒருவரையும் சுட்டதில்லை. ஆண்டுக்குச் சில முறை சுடுதளத்தில் காகித மனிதனைச் சுட்டதோடு சரி. மற்ற நாளெல்லாம் அந்த .38 ரிவால்வரை இடுப்பில் சுமந்தேன், திறந்தேன், துடைத்தேன், எண்ணெய் போட்டேன், திருப்பிக் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால் சுட்ட நேரம் மொத்தமும் சேர்த்து ஒரு நாள்கூட வராது. துடைத்த நேரம் வாரக் கணக்கில் வரும். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப் போகும். அவர்களுக்குத் துப்பாக்கி என்றால் சத்தம். எனக்கு அது வாசனை. வேலையை விட்டு இத்தனை வருடமாகியும், எங்காவது மெஷின் எண்ணெய் வாசனை வந்தால் வயிற்றுக்குள் எதோ ஒன்று இறுகும். அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

ஸ்கூடாயில் வீடு. விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் பாலத்தில் நெரிசலைத் தாண்டி 6 மணிக்குள் வேலையிடம் போய்ச் சேரலாம். போனதும் முதல் வேலை ஆயுத அறை. அங்கே எல்லோரும் அதை ‘ஆர்ம்ஸ்கோட்’ என்றுதான் சொல்வோம். கம்பிச் சன்னல் வழியாக அட்டையை நீட்டினால் ஒரு ரிவால்வரும் 5 தோட்டாக்களும் வரும். மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் குழலை நீட்டியபடி தோட்டாக்களைப் போட வேண்டும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் எடுக்க வேண்டும். இன்று எனக்கு வரும் ரிவால்வர் நாளை வேறு ஒருவருக்குப் போகும். அதனால் ஒருவன் துடைக்காமல் விட்ட அழுக்கு இன்னொருவனின் இடுப்பில் ஏறும்.

கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரை நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட ‘அண்ணே’ என்றே கூப்பிட்டார்கள், அது அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு. இளம் வயதில் ராணுவத்தில் நிரந்தர ஊழியராக இருந்தவர். எம்16 ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு காட்டில் படுத்த தலைமுறை. நான் 2008-இல் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது இருக்கும். நான் ஜோகூர்க்காரன், அதுவும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன் என்று தெரிந்ததும் அவர் கேட்டது: “ஒங்கப்பா என்னா வேலை?”

“செம்பனை ஆலையில ஃபிட்டர் அண்ணே.”

“அப்ப ஒனக்கு எண்ணெய் தெரியும். இங்க வா, துணியப் பிடி.”

எனக்கு எண்ணெய் தெரியாது. அப்பாவின் கைரேகைக்குள் கறுப்பாக அது தங்கியிருந்ததைத் தவிர.

அண்ணே முதலில் கற்றுக்கொடுத்தது எண்ணெய் போடுவதை அல்ல, எண்ணெய் போடக்கூடாத இடங்களை. ரிவால்வரின் சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஐந்து குழிகளும் உலர்ந்திருக்க வேண்டும். சுட்ட பிறகு ஈயமும் கரியும் அங்கே வளையம் கட்டும். வெண்கலக் கம்பிப் பிரஷில் கரைப்பானைத் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, காய்ந்த ஃபிளானல் துணியால் துடைத்துவிட வேண்டும். அங்கே எண்ணெய் நின்றால் இரண்டு கேடு. தோட்டா வெடிக்கும்போது அதன் பித்தளை உறை குழியின் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கினால் உதை முழுவதும் பின்னால் போகும். இரண்டாவது, எண்ணெய் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமருக்குள் ஊறினால் மருந்து செத்துப்போகலாம். நல்ல தோட்டாக்களுக்கு அரக்கு மாதிரி ஒன்றை வைத்து அடைத்திருப்பார்கள், எல்லாமே சாகாது. ஆனால் எது செத்தது, எது சாகவில்லை என்பது விசையை இழுக்கும்போதுதான் தெரியும். இதையெல்லாம் அவர் ஒரு பாடமாக நடத்தவில்லை. என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு, “ஏண்டா, தோசை சுடுறியா?” என்றார். அவ்வளவுதான்.

அதே மாதிரி, காலியான உறைகளைத் தள்ளும் அந்த நட்சத்திர வடிவத் தகட்டின் அடியும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் வேகாத வெடிமருந்துத் துகள் வந்து ஒட்டிக்கொள்ளும். மணல் அளவுக்கு ஒரு துகள் போதும், சிலிண்டர் மூடாது.

எண்ணெய் வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். சிலிண்டர் வெளியே சாயும் கீலில் ஒரு சொட்டு. சிலிண்டர் சுற்றும் அச்சில் ஒரு சொட்டு. தள்ளுகம்பியில் ஒன்று. ஹேமரும் விசையும் ஆடும் இடத்தில் ஊசிமுனையால் தொட்டு ஒன்று. பிறகு எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறம் முழுக்க ஒரு துடைப்பு. கை வைத்தால் விரலில் பளபளப்பு ஒட்ட வேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. “பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுற மாதிரி இல்லடா. சாமி சிலைக்குத் தேய்ச்சுத் துடைக்கிற மாதிரி,” என்பார்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் நம்முடைய ஊர். சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அதோடு வியர்வை. இடுப்பில் 12 மணி நேரம் தொங்கும் இரும்பு, உப்புத் தண்ணீரில் தொங்குவதற்குச் சமம். சிலருடைய வியர்வைக்குத் தனிச் சக்தி உண்டு. எங்களோடு வேலை பார்த்த ஒரு தம்பி தொட்ட ரிவால்வரில் மறுநாள் காலையிலேயே அவன் கட்டைவிரல் ரேகை செந்நிறமாக எழுந்து நிற்கும். அண்ணே அவனுக்குப் பருத்திக் கையுறை வாங்கிக் கொடுத்தார். தோல் உறையிலேயே துப்பாக்கியை வைத்துப் பூட்டவும் விடமாட்டார். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும்.

ஆக, ஓர் எண்ணெயிடம் நாம் மூன்று வேலை கேட்கிறோம். அழுக்கைக் கரைக்க வேண்டும், உராய்வைக் குறைக்க வேண்டும், துருவைத் தடுக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அழுக்கைக் கரைப்பது நீர்த்ததாக, ஊடுருவுவதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டது நிற்காது, ஓடிவிடும் அல்லது ஆவியாகிவிடும். துருவைத் தடுப்பது கெட்டியாக ஒட்டி நிற்க வேண்டும். அது அழுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மூன்றையும் ஒரே பாட்டிலில் அடைத்ததுதான் ‘சிஎல்பி’ என்று அழைக்கப்படும் வகை. அமெரிக்க ராணுவம் அதற்கென்று எம்ஐஎல்-எல்-63460 என்று எண்ணிட்ட தரவிதியே எழுதி வைத்தது. எங்களுக்கும் அந்த வகைதான் வரும். மூன்றிலும் அது முதல் மாணவன் இல்லை, ஆனால் மூன்றிலும் தேறிவிடும். நூறு பேர் கைமாறும் ஆயுத அறைக்கு அப்படிப்பட்டதே சரி. மூன்று பாட்டில் வைத்தால் யாராவது மாற்றிப் போடுவார்கள்.

சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் நாடுகளில் இதைப் பற்றி நடக்கும் சண்டை, நம் ஊரில் எந்தக் கடை ரொட்டி சானாய் நல்லது என்பதற்கு நடக்கும் சண்டையைப் போன்றது. கரைப்பான் என்றால் ஹோப்பிஸ் நம்பர் 9-தான் என்று ஒரு கூட்டம். 1903-இல் ஃபிராங்க் ஆகஸ்ட் ஹோப்பி என்பவர் கலந்தது, வாழைப்பழ மணம் அடிக்கும், அந்த மணத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. ஜெர்மனியில் பாலிஸ்டோல். முதல் உலகப் போருக்கு முன்பே அவர்களின் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது, உலோகம், மரம், தோல் மூன்றுக்கும் போடலாம். அதன் மணத்தைப் பற்றி மட்டும் யாரும் பெருமை பேசமாட்டார்கள். எண்ணெயா கிரீஸா என்பது இன்னொரு வழக்கு. சுற்றுவதற்கு எண்ணெய், வழுக்கி ஓடுவதற்கு கிரீஸ் என்பது பொது விதி. பிஸ்டலின் மேல்பகுதி தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஓடும், அங்கே கிரீஸ் நிற்கும். கிளாக் பிஸ்டல்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே செம்பு நிறத்தில் ஒன்றைத் தடவி அனுப்புகிறார்கள். புதுசு என்று நினைத்துச் சிலர் அதைத் துடைத்து எறிவார்கள், துடைக்கக்கூடாது. ரிவால்வரில் ஓடுவது ஒன்றுமில்லை, எல்லாம் சுற்றுவதும் ஆடுவதும்தான். ஆகவே எண்ணெய், அதுவும் சொட்டுக் கணக்கில்.

என் அம்மாவுக்கு இந்த விஷயம் எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. லயத்து வீட்டில் அவளிடம் காலால் மிதிக்கும் தையல் மெஷின் இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருமுறை மெஷின் எண்ணெய் தீர்ந்துபோக, பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள் என்று நல்லெண்ணெயை விட்டிருக்கிறாள். அன்றைக்கு மெஷின் பாட்டுப் பாடியது. பொங்கலுக்குள் சக்கரம் நகரவில்லை. அப்பா மண்ணெண்ணெயை ஊற்றி, ஒவ்வொரு துளையிலும் கோழி இறகை விட்டுக் குடைந்து எடுத்தார். வந்தது எண்ணெய் இல்லை, பிசின். சமையல் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து நாளாக ஆகக் கெட்டிப்படும், தாளித்த சட்டியின் ஓரத்தில் மஞ்சளாக ஒட்டியிருக்குமே, அதேதான். “நகருற எதுக்கும் அடுப்படி எண்ணெய விடாத,” என்றார் அப்பா. அந்த வாக்கியம் எனக்கு நினைவிருந்தது. அதன் பொருள் மட்டும் புரியவில்லை.

அதற்காகத் தாவர எண்ணெயை மட்டமாகப் பேசிவிட முடியாது. நாம் ஒருவனை உதவாக்கரை என்று திட்ட ‘விளக்கெண்ணெய்’ என்கிறோம். முதல் உலகப் போரின் விமானங்களில் எஞ்சினே சேர்ந்து சுழலும் வகைக்கு விளக்கெண்ணெய்தான் உயிர், பெட்ரோலோடு கலக்காமல் அந்தச் சூட்டையும் தாங்கியது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909 வாக்கில் வந்ததுதான். கடிகாரம், துப்பாக்கி போன்ற நுட்பமான பொருள்களுக்கு ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெயைத் தேடி வாங்கினார்கள், கெட்டுப்போகாது, பிசினாகாது என்பதால். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகு ரசாயனத்தார் மாற்று கண்டுபிடிக்கத் திண்டாடினார்கள்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1857-ஐவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா, மசகு தடவிய காகிதப் பொட்டலம். அதைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். தடவியிருப்பது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற செய்தி டம் டம் முகாமிலிருந்து பரவியது. பிறகு அரசாங்கம் இறங்கி வந்து, தேன்மெழுகும் எண்ணெயும் கடைத்தெருவில் நீங்களே வாங்கித் தடவிக்கொள்ளுங்கள் என்றது. யாரும் நம்பவில்லை. மாற்றச் சொல்கிறார்கள் என்றால் முன்பு இருந்தது அதுதானே என்று நினைத்தார்கள். மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்து விலங்கு பூட்டப்பட்டார்கள், மே 10-ஆம் தேதி கலகம் வெடித்தது. வரலாற்று ஆசிரியர்கள் வேறு பெரிய காரணங்களையும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இன்னொன்று. ‘இதில் என்ன தடவியிருக்கிறது?’ என்று ஒருவன் கேட்கும்போது வரும் பதிலை நம்ப முடியாமல் போனால், அதற்குப் பிறகு எந்த எண்ணெயும் உதவாது.

2012-இல் எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

மறுநாள் காலை ஆய்வு. மேலதிகாரி வந்து ஒவ்வொரு ரிவால்வரையும் எடுத்துப் பார்ப்பார். முந்தின இரவு ஆர்ம்ஸ்கோட்டில் அண்ணேவுக்கு உதவியாக நான். சிஎல்பி தீர்ந்துவிட்டது. கேட்டு எழுதிய பாரம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. ஏழெட்டுத் துப்பாக்கிகளில் ஹேமர் ஓரமாகச் செம்புள்ளிகள். அண்ணே சாப்பிடப் போயிருந்தார். என் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஒரு ஸ்பிரே டப்பா இருந்தது, துருப்பிடித்த நட்டைக் கழற்ற, சங்கிலியில் அடிக்க வைத்திருந்தது. எந்த நிறுவனத்துச் சரக்கு என்பது தேவையில்லை. தப்பு டப்பாவினுடையது இல்லை.

இந்த வகை ஸ்பிரேக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த டபிள்யூடி-40 எடுத்துக்கொள்வோம். 1953-இல் சான் டியேகோவில் ராக்கெட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலில் தண்ணீர் தங்காமல் விரட்டுவதற்கு. பெயரே அதுதான், நீரை விரட்டும் கலவை, 40-ஆவது முயற்சி. நீரை விரட்டும், இடுக்கில் நுழையும், அழுக்கை இளக்கும். அதற்குத்தான் அது. அதிலிருக்கும் கரைப்பான் ஆவியானதும் மிஞ்சுவது மெல்லிய படலம். அடித்துவிட்டுத் துடைத்தால் பரவாயில்லை. மூடிய அறைக்குள் அடித்துத் துடைக்காமல் விட்டு, மேலே மேலே அடித்து, அதோடு பழைய கரியும் துணி நூலும் சேர்ந்தால் அம்மாவின் தையல் மெஷின்தான்.

நான் அடித்தேன். ஹேமரைப் பின்னுக்கு இழுத்து, அந்தப் பிளவுக்குள் குழாயை நுழைத்து, உள்ளே ஊறும் அளவுக்கு. செம்புள்ளிகள் துணியோடு வந்தன. துப்பாக்கிகள் மின்னின. உள்ளே போனதைத் துடைக்கப் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும், அதற்கு எங்களுக்கு அனுமதியில்லை. அண்ணே திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

“என்னடா மண்ணெண்ணெய் வாசனை?”

“புது எண்ணெய் அண்ணே. வந்துருச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். பேரேட்டை எடுத்து, பராமரிப்பு முடிந்தது என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆய்வில் பாராட்டு. அதற்குப் பிறகும் மூன்று நான்கு முறை, அவர் இல்லாத இரவுகளில், அதே டப்பாவை அதே துப்பாக்கிகளுக்கு அடித்தேன். சுலபமாக இருந்தது.

ஏழு மாதம் கழித்துச் சுடுதளம். என் வரிசையில் நான்காவதாக நின்ற பெண் அதிகாரி விசையை இழுத்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுடுதளத்தில் வெடிச் சத்தம் யாரையும் திரும்ப வைக்காது. இந்த ‘டிக்’ எல்லோரையும் திரும்ப வைக்கும். தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால் குழலை இலக்கை விட்டு நகர்த்தாமல் அப்படியே காத்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம். வெடிக்கவில்லை. அன்றைக்கு மூன்று துப்பாக்கிகள் அப்படி. மூன்றின் எண்களும் எனக்குத் தெரியும்.

பட்டறையிலிருந்து வந்த மலாய்க்காரப் பெரியவர் வெடிக்காத தோட்டாக்களை முதலில் பார்த்தார். பிரைமரில் ஊசி விழுந்த குழி ஆழமில்லை. மருந்தில் பழுதில்லை, அடி போதவில்லை. திருகுகளைக் கழற்றி, பிடியின் சட்டத்தை மரச் சுத்தியின் காம்பால் மெதுவாகத் தட்டினார். பக்கத் தகடு தானாக எழும்பியது. நெம்பி எடுக்கக்கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாக ஒன்று. ஹேமர் விழுகிறது, ஆனால் பாகில் விழுகிற மாதிரி விழுகிறது. அவர் விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். “இனி புக்கான் மிஞாக் செஞ்சாத்தா,” என்றார். இது துப்பாக்கி எண்ணெய் இல்லை.

அந்த மூன்றில் ஒன்றை அந்த ஏழு மாதத்தில் விமான நிலையத்துக்கோ பணப் பெட்டி வண்டிக்கோ எத்தனை பேர் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்? அவர்களுக்கு ஒரு நாள் அது தேவைப்பட்டிருந்தால்? இதை நான் அன்றிரவு யோசிக்கவில்லை. அன்றிரவு யோசித்தது வீட்டுக் கடனைப் பற்றி, வேலை அனுமதிச் சீட்டைப் பற்றி, மகனின் ஆறாம் வகுப்பைப் பற்றி. மலேசியக்காரனுக்கு வேலை போனால் அன்றோடு பாலமும் மூடிவிடும். விசாரணை நான்கு நாள் நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். “வழக்கமாகக் கொடுக்கும் எண்ணெய்தான் போட்டேன்,” என்றேன். பேரேட்டில் இருந்த கையெழுத்து அண்ணேவுடையது. ஆர்ம்ஸ்கோட் சாவி அண்ணேவுடையது. அவரைக் கேட்டபோது, “என் பொறுப்பு. எண்ணெய் தீர்ந்துச்சு, இருந்தத போட்டேன்,” என்று சொன்னாராம்.

அவருக்கு ஓய்வு வயது தாண்டி, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் புதுப்பிக்கவில்லை. மிச்சமிருந்த ஐந்து மாதத்துக்கு ஆயுதம் இல்லாத வேலை, ஒரு கட்டட வாசலில் வண்டிகளுக்குத் தடுப்பைத் தூக்கி விடுவது. நான் அந்தப் பக்கமாகப் போகும் பேருந்தைத் தவிர்த்தேன். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அன்று இரவு வேலை, மாற்றிக்கொண்டது நான்தான்.

இரண்டு ஆண்டுகளில் ஆர்ம்ஸ்கோட் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். எண்ணெய் விஷயத்தில் என்னைப் போல ஒருவன் இல்லை என்று பெயர் வாங்கினேன். பாட்டிலில் திறந்த தேதியை ஒட்டி வைப்பேன். ஆள் பார்க்க நான்கு சொட்டுதான். வெளியிலிருந்து யாராவது ஒரு டப்பாவைக் கொண்டுவந்தால் கத்துவேன். புதுப் பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் ‘மிஞாக்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அண்ணே சொன்ன எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன், அண்ணே சொன்னார் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

2019-இல் முதுகு வலியால் வேலையை விட்டேன். அப்புறம் கோவிட் வந்து பாலம் மூடி, திறந்து, எல்லாம் முடிந்து போன ஆண்டுதான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். செம்பவாங் பக்கம் அடுக்குமாடி வீடு. எழுபதைத் தாண்டியவர், ஆனால் உடம்பு வற்றியதே தவிர குரல் வற்றவில்லை. அண்ணி தே ஓ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேத்தியைத் தூங்கவைக்க உள்ளே போனார். என் மகன் என்ன செய்கிறான், ஜோகூரில் வீட்டு விலை என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பாலத்தில் வரும்போது மனப்பாடம் செய்த வாக்கியத்தை எடுத்தேன். பாதியில் கை காட்டி நிறுத்தினார்.

“புது எண்ணெய்னு நீ சொன்னப்பவே தெரியும்டா. முப்பது வருஷம் அந்த வாசனையில இருந்தவன். எனக்கு மூக்கு இல்லையா?”

“அப்ப ஏன் அண்ணே கையெழுத்துப் போட்டீங்க?”

“விடிஞ்சா இன்ஸ்பெக்‌ஷன். எனக்கும் தூக்கம் வந்துச்சு. தொடைச்சிருப்பேன்னு நெனைச்சேன். அது என் தப்பு. அதுக்கு எனக்குக் கெடைச்சுச்சு.”

தேநீரைக் குடித்தார். நான் குடிக்கவில்லை.

“நாலு நாள் பாத்தேன். காலையில ஒவ்வொரு நாளும், இன்னைக்கு வந்து சொல்லிருவான்னு. நீ சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும், எனக்குத் தெரியும். நீ அவங்ககிட்ட சொல்ல வேணாம்டா. எங்கிட்ட வந்திருக்கலாம்ல?”

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் பந்து ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் இருவரும் அதைப் பார்த்தோம். கிளம்பும்போது, “கேட்ட மெதுவா சாத்து. கீல் கத்தும், பிள்ளை எந்திரிச்சுரும்,” என்றார். மெதுவாகத்தான் சாத்தினேன். கத்தியது. உள்ளே குழந்தை அழும் சத்தம் மின்தூக்கி வரைக்கும் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனேன். கூப்பிடாமலேதான். அம்மாவின் தையல் மெஷின் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது, அதற்கு வாங்கி வைத்த எண்ணெயைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி, பழைய பனியன் துணி ஒன்றையும் சுருட்டிப் பையில் வைத்திருந்தேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணே வந்து நின்றார். என் கையைப் பார்த்தார், பாட்டிலைக் கம்பி வழியாக வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகுதான் பூட்டைத் திறந்தார்.

“ரெண்டு சொட்டு போதும்,” என்றார். “மேல் கீலுக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு. தொடைச்சுட்டுப் போ.”